எதற்குச் செங்குத்து?

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு அறுபத்து மூன்று. யார் யாரைக் கும்பிடுவது என்பதில் முதல் நாளே குழப்பம். சீடர் கையைத் தூக்குவதற்குள் குரு கும்பிட்டுவிட்டாள். பிறகு இருவரும் ஆற்றுமணலில் உட்கார்ந்தார்கள்.

குருவின் பெயர் ஆறுமுகக்கனி. கல்லூரியில் கணிதம் நடத்தியவள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஆற்றங்கரையில் ஓட்டு வீடு பார்த்து வந்து தங்கிவிட்டாள். ஏன் விட்டாள் என்பதற்கு ஊரார் பத்துக் காரணம் சொன்னார்கள். அவளிடமே கேட்டிருந்தால் பதினொன்றாவது தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. கணக்கு என்று வருகிறவர்களுக்கு மணலில் கோடு கிழித்துச் சொல்லிக்கொடுப்பாள். அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கஷ்டம்.

சீடரின் பெயர் ஆவுடையப்பன். பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தொன்பது வருடம் பரீட்சை அறைகளில் கண்காணிப்பாளராக நின்றவர். நின்றவர் என்றால் நின்றவர்தான். மூன்று மணி நேரமும் நாற்காலியைத் தொடமாட்டார்.

"என்ன படிக்கணும் சார்?" என்று குரு கேட்டாள்.

"ஒரே ஒரு கணக்கு."

சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய வினாத்தாளை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்திருந்தது. ஒரு கேள்விக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

2x − 3y + 3 = 0 என்ற நேர்க்கோட்டிற்குச் செங்குத்தாகவும், (1, 6) என்ற புள்ளி வழியாகவும் செல்லும் நேர்க்கோட்டின் சமன்பாட்டைக் காண்க.

"பத்தாம் வகுப்புக் கணக்கு" என்றாள் குரு. "இது எதுக்கு உங்களுக்கு?"

அவர் சுற்றி வளைக்கவில்லை.

"ஏழு வருஷத்துக்கு முன்னால இந்தக் கணக்கைப் போடும்போது ஒரு பிள்ளையைப் பிடிச்சேன். பேரு முப்பிடாதி. தலையை இடப்பக்கம் நல்லா சாய்ச்சுக்கிட்டு இருந்தா. இடப்பக்கத்துல இருந்தது பெனிட்டான்னு, நல்லாப் படிக்கிற பிள்ளை. ஒரு தடவை பாத்துட்டுச் சும்மா இருந்தேன். ரெண்டாந்தடவையும் சாய்ச்சா. தாளை வாங்கிட்டேன்."

"ம்."

"அழல. கெஞ்சல. 'சார், நான் கோட்டைத்தான் பாத்தேன்'ன்னா. கோட்டைப் பாக்க எதுக்குக் கழுத்தைச் சாய்க்கணும்னு கேட்டேன். பதில் சொல்லத் தெரியல அவளுக்கு."

"அப்புறம்?"

"பரீட்சை செல்லாதுன்னு ஆயிருச்சு. அதோட படிப்பை விட்டுட்டா. நான் இதுவரை பதினொரு பேரைப் பிடிச்சிருக்கேன். பத்துப் பேரு மறந்துபோச்சு. இவ சொன்னது மட்டும் காதுலயே கிடக்கு. அவ பொய் சொன்னாளா, நெசம் சொன்னாளான்னு எனக்குத் தெரியணும். அதுக்கு இந்தக் கணக்கு தெரியணும்."

"கணக்கு வாத்தியார் யாரையாவது கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். ஆளுக்கு ஒரு விதமா ஆறுதல் சொன்னாங்க. கணக்கைச் சொல்லல."

குரு ஒரு குச்சியை எடுத்தாள். மணலில் கட்டங்கள் போட்டாள். வினாத்தாளில் இருந்த கோட்டைக் கிழித்தாள். அது இடமிருந்து வலமாக ஏறிப்போனது. (1, 6) என்ற இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்தாள்.

"கல்லு வழியா, இந்தக் கோட்டுக்குச் செங்குத்தா ஒரு கோடு போடுங்க."

ஆவுடையப்பன் குச்சியை வாங்கினார். கல்லிலிருந்து தன் காலடியை நோக்கி நட்டுக்குத்தலாக ஒரு கோடு இழுத்தார். கம்பம் நட்டதுபோல் நேராக இருந்தது.

"எதற்குச் செங்குத்து?" என்றாள் குரு.

"எதுக்குன்னா? செங்குத்துன்னா செங்குத்துதானம்மா. மலை செங்குத்து. மாடிப்படி செங்குத்து."

"எதற்கு?"

"தரைக்கு."

"கேள்வியில தரை இருக்கா?"

அவர் வினாத்தாளை எடுத்துப் பார்த்தார். தரை இல்லை.

"நாளைக்கு வாங்க" என்றாள் குரு.

மறுநாளும் அதே கோட்டைத்தான் போட்டார். "எதற்கு?" என்று அவள் கேட்டாள். மூன்றாம் நாள் கொஞ்சம் கோபத்தோடு இன்னும் அழுத்திப் போட்டார். மணலில் ஈரம் தெரிந்தது. அப்போதும் அவள் அதையேதான் கேட்டாள். அறுபத்து மூன்று வருடமாக அவரை எல்லோரும் நிமிர்ந்த ஆள் என்று சொன்னதுண்டு. எதற்கு நிமிர்ந்த ஆள் என்று யாரும் கேட்டதில்லை.

நான்காம் நாள் அவர் கோடு போடவில்லை. குரு போட்ட சாய்ந்த கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது எவ்வளவு சாய்ஞ்சிருக்குன்னு முதல்ல தெரியணுமோ?"

குரு முதல் முறையாகச் சிரித்தாள்.

"மூணு கட்டம் வலப்பக்கம் போனா ரெண்டு கட்டம் மேலே ஏறுது. அதான் அதோட சாய்வு. மூன்றில் ரெண்டு."

"அப்போ எதிர்ப்பக்கம் சாய்ச்சா? மைனஸ் மூன்றில் ரெண்டு?"

"போடுங்க."

போட்டார். கல் வழியாக ஒரு கோடு இறங்கிவந்து பழைய கோட்டை வெட்டியது. அவருக்குத் திருப்தி.

குரு அன்றைய செய்தித்தாளை நாலாக மடித்தாள். அதன் மூலையைக் கோடுகள் வெட்டிய இடத்தில் பொருத்தினாள். பொருந்தவில்லை. தாளின் ஓரத்துக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் போகிற அளவு இடைவெளி இருந்தது.

"ஏன்? எதிர்த்துத்தானே நிக்குது?"

"எதிர்த்து நிக்குது. செங்குத்தா நிக்கல. கண்ணாடியில பாத்த மாதிரி அதே கோடுதான் இது. பக்கம் மட்டும்தான் மாறியிருக்கு."

அவர் யோசித்தார். பிறகு மைனஸை விட்டுவிட்டுப் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தார். ரெண்டில் மூணு. இந்தக் கோடு இன்னும் நட்டுக்குத்தலாக ஏறியது. ஆனால் பழைய கோடு சாய்ந்த பக்கமே சாய்ந்தது. செய்தித்தாளின் மூலையை அவரே வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

"எழுந்திருங்க சார்" என்றாள் குரு. "கிழக்கே பாத்து நில்லுங்க."

நின்றார்.

"முன்னால மூணு அடி வையுங்க. அப்படியே இடப்பக்கம் ரெண்டு அடி."

வைத்தார். அவள் அவர் நின்ற இடத்தில் ஒரு கல்லைப் போட்டாள்.

"பழைய இடத்துக்கு வாங்க. இப்ப இடப்பக்கமா திரும்பி ஆத்தைப் பாத்து நில்லுங்க. அதே மாதிரி நடங்க. முன்னால மூணு. இடப்பக்கம் ரெண்டு."

நடந்தார். அங்கேயும் ஒரு கல் விழுந்தது. புறப்பட்ட இடத்திலிருந்து இரண்டு கல்லுக்கும் அவள் கோடு இழுத்தாள். ஆவுடையப்பன் ஓடிப்போய்ச் செய்தித்தாளை எடுத்துவந்து மூலையை வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

"முதல்ல மூணு வலப்பக்கம், ரெண்டு மேலே" என்று விரல் விட்டு எண்ணினார். "இப்ப மூணு மேலே, ரெண்டு இடப்பக்கம். இடப்பக்கம்னா மைனஸ். அப்போ மைனஸ் ரெண்டில் மூணு. தலைகீழாக்கணும், குறியும் மாத்தணும். ரெண்டும் செய்யணும்!"

"நீங்க ரெண்டும் செய்யல. அதே மூணு அடி, அதே ரெண்டு அடி. திரும்பி நின்னீங்க, அவ்வளவுதான்."



"இந்தச் சாய்வுல ஆயிரம் கோடு போடலாம்" என்றாள் குரு. "நமக்கு எது வேணும்?"

"கல்லு வழியா போறது. ஒன்று, ஆறு."

அன்று சாயங்காலத்துக்குள் சமன்பாடு வந்துவிட்டது. 3x + 2y = 15. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி அதை மணலில் நாலு இடத்தில் எழுதிப் பார்த்தார். பிறகு முகம் வாடிவிட்டது.

"கணக்கு வந்துருச்சு. ஆனா நான் கேட்டதுக்குப் பதில் வரலையேம்மா. இதுல கழுத்தைச் சாய்க்க எங்க வேலை இருக்கு?"

"நாளைக்குப் பேனா, பேப்பர் கொண்டுவாங்க. பரீட்சை."

மறுநாள் காலை அவரை வீட்டு முற்றத்தில் ஒரு பலகையின் முன் உட்காரவைத்தாள். எண்களை மாற்றிப் புதிய கணக்கு ஒன்று கொடுத்தாள். செய்தித்தாள் கூடாது, கையளவில் படம் போட வேண்டும், பிறகு சமன்பாடு. அவ்வளவையும் சொல்லிவிட்டு எதிரே போய் நின்றுகொண்டாள். பரீட்சை அறையில் அவர் நிற்பதைப் போலவே உட்காராமல் நின்றாள்.

ஆவுடையப்பன் கட்டம் போட்டார். சாய்ந்த கோட்டைப் போட்டார். புள்ளியை வைத்தார். செங்குத்துக் கோட்டைத் தொடங்கும்போது கை தயங்கியது. தொடங்கினார், அடித்தார், மறுபடி தொடங்கினார். புருவம் நெரிந்தது. முகம் தாளுக்குப் பக்கத்தில் போனது.

"சார், அப்படியே இருங்க" என்றாள் குரு. "அசையாதீங்க."

அவர் அசையவில்லை.

"உங்க இடது காது எங்க இருக்கு?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. பிறகு மெதுவாகப் புரிந்தது. இடது காது இடது தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏறிப்போகும் கோடு கண்ணுக்குப் படுகிடையாகத் தெரிகிறவரை அவர் கழுத்து தானாகச் சாய்ந்திருந்தது. அப்படிப் பார்த்தால்தான் செங்குத்துக் கோடு நிமிர்ந்து நின்றது.

"இடப்பக்கம் யாரு இருக்கா?" என்றாள் குரு.

அவர் கண்ணை மட்டும் திருப்பினார்.

"ஆடு நிக்குது."

"அதைப் பாத்தா எழுதுதீங்க?"

ஆவுடையப்பன் பேனாவை வைத்தார். கழுத்தை நிமிர்த்தவில்லை. அப்படியே இருந்து அழுதார். வயதான ஆண்கள் அழும்போது பக்கத்தில் இருப்பவர்கள் ஏதாவது சொல்வார்கள். குரு ஆட்டை மட்டும் விரட்டினாள்.

வெகுநேரம் கழித்து அவர் சொன்னார்: "அவ கோட்டைத்தான் பாத்திருக்கா."

"ம்."

"நான் போய்ச் சொல்லணும்."

"போங்க."

முப்பிடாதியைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பக்கத்து ஊரில் பாதி கட்டி முடித்த ஒரு வீட்டில் தரைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தாள். சமையலறையின் நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்து, செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை டைல்ஸ் ஓரத்தில் சாத்தி, ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். வாசலில் நிழல் விழுந்ததும் தலையைத் தூக்கினாள். பார்த்த உடனே அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

அவர் உள்ளே காலை வைக்கப்போனார்.

"சார், அங்கயே நில்லுங்க. இப்பத்தான் ஒட்டியிருக்கு. மிதிச்சா இறங்கிரும்."

அதனால் வாசற்படியில் நின்றுகொண்டே சொல்ல வேண்டியதாயிற்று. வழியெல்லாம் நாலைந்து வாக்கியம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"நீ அன்னைக்குக் கோட்டைத்தான் பாத்த" என்றார்.

"ஆமா சார். அன்னைக்கே சொன்னேனே."

"எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. கணக்கு படிச்சேன். தப்பு என்னோடது தாயி. என்னை மன்னிச்சிரு."

அவள் அடுத்த டைல்ஸை எடுத்து வைத்தாள். தட்டினாள். மட்டம் பார்த்தாள். கோபமாகவும் தெரியவில்லை, இளகியதாகவும் தெரியவில்லை.

"நெசமாவே கணக்கு படிச்சீங்களா?"

"ஆமா."

"அந்தக் கணக்குக்கு விடை என்ன சார்?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

"3x + 2y = 15."

முப்பிடாதியின் கை நின்றது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு டைல்ஸின் பின்பக்கம் ஏதோ எழுதினாள். எழுதியதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"எனக்கு 2x + 3y = 20 வந்துச்சு சார். குறியை மட்டும் மாத்திட்டுத் தலைகீழாக்க மறந்திருக்கேன். படம் சரியாத்தான் போட்டேன். கணக்குல விட்டுட்டேன்."

"இத்தனை வருஷமா ஞாபகம் வச்சிருக்கியே."

"நான் கடைசியா எழுதின விடை சார் அது."

 அதற்குப் பிறகும் அவர் போகவில்லை. அவள் கரண்டியால் சிமென்டைக் கிளறினாள்.

"சரி சார். கலவை இறுகிரும். வேலை கிடக்கு" என்றாள்.

மன்னித்தேன் என்றோ, மாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

மறுநாள் ஆற்றங்கரைக்கு வந்தார். நடந்ததை ஒன்று விடாமல் குருவிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர், முடியும் இடத்தில் கொஞ்சம் லேசானார். குரல் தெளிந்தது. உள்ளங்கை அளவு நிழல் கிடைத்தாலும் மனிதன் அதில் ஒதுங்கப் பார்க்கிறான், அவரும் ஒதுங்கினார்.

"எப்படியும் அந்தக் கணக்கு அவளுக்குத் தப்புத்தாம்மா" என்றார். "நான் தாளை வாங்காம விட்டிருந்தாலும் அந்த மார்க்கு முழுசா வந்திருக்காது."

குரு மணலில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரோ கணக்குக் கேட்டு வரப்போகிறார்கள்.

"பெனிட்டா என்ன விடை எழுதினா?"

"அவளா? அவளுக்குக் கணக்குல நூத்துக்கு நூறு. பேப்பர்ல போட்டோவே வந்துச்சு. 3x + 2y = 15-னு எழுதியிருப்பா."

"அதைப் பாத்து எழுதினா இருபது எப்படி வரும்?"

 

ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு முப்பிடாதி தாள் யாருகிட்ட இருந்துச்சு?"

"என்கிட்ட."

"பெனிட்டா தாள்?"

"அதையும் அஞ்சு நிமிஷம் வாங்கி வச்சிருந்தேன்." குரல் மங்கிவிட்டது. "ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துத்தான் ரிப்போர்ட் எழுதணும்னு விதி."

"என்னன்னு எழுதினீங்க?"

"ரெண்டும் ஒத்திருக்குன்னு எழுதினேன்."

"எது ஒத்திருந்துச்சு?"

"படம். ரெண்டு படமும் ஒண்ணுபோல இருந்துச்சு."

"படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் படிச்சீங்களா?"

"அம்மா, நான் சரித்திர வாத்தியார். கணக்குப் பரீட்சைக்குக் கணக்கு தெரிஞ்சவங்களைப் போடமாட்டாங்க. எனக்கு அன்னைக்கு இந்தக் கணக்கு தெரியாதே."

குரு குச்சியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"தெரியாத கணக்கையா சார் திருத்தினீங்க?"